நடுவில் ஒட்டிய படம்

ஏப்ரல் 28, ஞாயிறு

பிள்ளைகளுக்கு லீவு விட்டாயிற்று, எங்களைத்தான் விடவில்லை. வெள்ளிக்கிழமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று உட்கார வைத்துவிட்டார்கள். சென்னையில் இருந்து வந்த ஒருவர் 'விஷன் போர்டு' பற்றி நாள் முழுக்கப் பேசினார். பிள்ளைகள் ஆசைப்படுவதையெல்லாம் படமாக வெட்டி, ஒரு பலகையில் ஒட்டி, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்ட வேண்டுமாம். பார்த்துக்கொண்டே இருந்தால் மனசு அதை நோக்கிப் போகுமாம். மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்ட பிறகு பாதி டீச்சர்கள் தூக்கத்தை நோக்கிப் போனார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். படிப்படியாகப் போகிற எதுவும் எனக்குப் பிடிக்கும்.

நாங்களும் தினமும் ஏதாவது எழுத வேண்டும் என்று ஆளுக்கொரு டைரி கொடுத்தார். போன வருஷத்து டைரி. கிழமையை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

முதலில் வீட்டில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். வர்ஷிகா இனி மூன்றாம் வகுப்பு. இவருடைய முதல் மனைவி ஜெயசுதாவின் பிள்ளை. நான் போன ஆவணியில் கோவில்பட்டிக்கு, இந்த வீட்டுக்கு, வாழ்க்கைப்பட்டு வந்தவள். இத்தனை மாதத்தில் வர்ஷியும் நானும் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. சண்டை போடுகிற அளவுக்கு இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

இவர் திருநெல்வேலி டிரிப் முடித்து பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார். தூத்துக்குடியில் இருந்து அவருடைய அக்கா தங்கபுஷ்பம் மதினி போன் செய்திருக்கிறார். வர்ஷியைத் தன்னிடமே விட்டுவிடச் சொல்கிறார். அங்கேயே ஒரு நல்ல பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாராம்.

மதினி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஜெயசுதா காய்ச்சலில் போனபோது பிள்ளைக்கு இரண்டு வயதுகூட முடியவில்லை. ஒன்றாம் வகுப்பு சேர்க்கிற வரைக்கும் தூக்கி வளர்த்தது மதினிதான்.

"பிள்ள ஒங்கூட ஒட்டவே இல்லன்னு அக்கா சொல்லுதா. நாளைக்கு நமக்குன்னு ஒண்ணு பொறந்தா இன்னும் ஒதுங்கிப் போயிருவாளாம். மே இருவத்தாறாந் தேதி வாரா. நீ என்ன சொல்லுத, செண்பகம்?" என்று கேட்டார்.

"பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்ங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்றேன். அதுதானே முறை. பிறகு இட்லிப் பானையைக் கழுவினேன். காலையில் கழுவினதுதான், ஆனால் அடியில் கறை இருந்த மாதிரி இருந்தது.

மே 2, வியாழன்

சார்ட் தாள், தெர்மாகோல், பசை, பழைய நாளிதழ் இணைப்புகள், போன வருஷத்து காலண்டர்கள் எல்லாம் சேர்த்தாயிற்று. பக்கத்து வீட்டு ராணி அக்கா மகள் மிர்துளாவும் சேர்ந்துகொண்டாள். வர்ஷிக்கு அவள்தான் கூட்டாளி.

பயிற்சிக்கு வந்தவர் சொன்னதில் நான் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். படத்தை ஒட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் வந்து குதிக்காது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அடியில், அதற்காக நாம் செய்யப்போகிற வேலை ஒன்றை எழுத வேண்டும். நம் கையால் முடிகிற சின்ன வேலை. "டாக்டர் ஆகணும்" என்று எழுதக் கூடாது. "தினமும் ஒரு பக்கம் படிக்கணும்" என்று எழுதலாம். இரண்டு பேரையும் மூன்று தடவை சொல்ல வைத்தேன். மிர்துளா பாட்டாகவே பாடினாள். வர்ஷி உதட்டை மட்டும் அசைத்தாள்.

மே 4, சனி

மிர்துளா முதல் படம் ஒட்டிவிட்டாள். மஞ்சள் நிறத்தில் பெரிய ஜேசிபி. ராணி அக்கா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒங்களை நம்பி அனுப்புனா இவ மண்ணு அள்ளப் போறேங்கா. அந்த டாக்டர் படத்த ஒட்டச் சொல்லுங்க."

"அவ ஆசையத்தான ஒட்டணும், அக்கா."

"ஆசை யாருக்குத்தான் இல்ல? எனக்குந்தான் இருந்துச்சு" என்றவர், என்ன ஆசை என்று சொல்லாமலே போய்விட்டார்.

ஜேசிபிக்கு அடியில் மிர்துளா எழுதியது: 'தினமும் முட்டை சாப்பிடணும்.' கை பலமாக வேண்டுமாம். நான் ஒத்துக்கொண்டேன்.

வர்ஷியின் பலகை வெள்ளையாகவே இருக்கிறது. கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "ஒனக்கு என்ன வேணும், வர்ஷி?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அது எனக்கு என்னவோ போல் இருந்தது.

மே 7, செவ்வாய்

மொட்டைமாடியில் கூழ் வத்தல் ஊற்றினேன். பிள்ளைகள் காக்கா விரட்டினார்கள். விரட்டினதைவிடத் தின்றது அதிகம்.

இந்த வீட்டில் காலை எப்படி விடியும் என்று எழுதி வைக்கிறேன். பூக்கார அக்கா வாசல் கேட்டில் ஒரு முழம் மல்லிகை தொங்கவிட்டுப் போவார். பல் விளக்கினதும் வர்ஷி அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், முக்காலி மேல் ஏறுவாள். ஜெயசுதாவின் படத்தைத் துணியால் துடைத்து, பழைய பூவை எடுத்துவிட்டு, குங்குமம் வைத்து, புதுப் பூவைப் போடுவாள். இவரைக்கூடத் தொட விடமாட்டாள். நான் வருவதற்கு முன்பிருந்தே இப்படித்தான். ஒரு முழமும் படத்துக்குச் சரியாக இருக்கும். மிச்சம் வராது. எனக்கும் மல்லிகை வாசம் தலைவலி, அதனால் கணக்கு சரிதான்.

மே 10, வெள்ளி

ஒட்டிவிட்டாள்! இரண்டு படம்!

ஒன்று ஏசி பஸ். அப்பா அதைத்தான் ஓட்ட வேண்டுமாம், இப்போது ஓட்டுகிற பஸ்ஸில் இன்ஜின் சூடு காலில் அடிக்கிறதாம். அடியில் 'அப்பா தூங்கும்போது சத்தம் போடக் கூடாது' என்று எழுதியிருக்கிறாள். இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு வெகுநேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று சைக்கிள். அதற்கு அடியில், 'கீழ விழுந்தா அழக் கூடாது.'

நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு "வெரி குட்" போடுகிறவள். இதற்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. "மாம்பழம் வெட்டட்டுமா?" என்று கேட்டேன்.

மே 14, செவ்வாய்

மிர்துளாவின் சைக்கிளை இரவல் வாங்கி, தெருவில் வர்ஷிக்குப் பழக்கினேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சீட்டைப் பிடித்தபடியே ஓடினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நன்றாகப் போனாள். நான் கையை எடுத்தது அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தாள், நான் தூரத்தில் நின்றேன், அவ்வளவுதான், விழுந்துவிட்டாள். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் அழவில்லை.

"வலிக்கா?"

"அழக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்லா."

எனக்கு அந்தப் பலகை மேலேயே கோபம் வந்தது. "எழுதுனத மாத்திக்கலாம், வர்ஷி. நாமதான எழுதுனோம். 'அழுதுட்டு மறுபடி ஏறணும்'னு மாத்திரு" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு அழுதாள். அப்படி ஒரு அழுகை. என் சேலை முந்தானை முழுக்க நனைந்துபோனது. தெருவில் நின்றபடி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் அவளாக என்னைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. விழுந்த பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மே 18, சனி

அரிசி ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். வர்ஷி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்து... ஒங்க போட்டோ ஒண்ணு இருக்கா?"

"எதுக்கு?"

"போர்டுக்கு."

பி.எட். படிக்கும்போது எடுத்த பாஸ்போர்ட் சைஸ் ஒன்று இருந்தது. ரொம்ப மங்கல், முறைத்துக்கொண்டு வேறு இருக்கிறேன். சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோவில் போய்ப் புதிதாக ஒன்று எடுத்து, கொஞ்சம் பெரிதாகவே பிரிண்ட் போட்டேன். பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்கு எப்படியும் வேண்டியிருக்கும். கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு போனதும் சும்மாதான். அதுதான் இஸ்திரி போட்டு இருந்தது.

மே 21, செவ்வாய்

பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாருக்கும் காட்டுவாளாம். தூசி தட்டலாம் என்று ஒரு தடவை பக்கத்தில் போனேன். தட்டவில்லை.

மே 24, வெள்ளி

இன்று தண்ணீர் வந்தது. குடம், டிரம், அண்டா எல்லாம் நிறைத்தேன். மதினிக்குப் பிடிக்கும் என்று மீன் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவேளை பிள்ளை போகிறதாக இருந்தால் அவளுடைய உடுப்புகளை எந்தப் பையில் வைப்பது என்றும் பார்த்து வைத்தேன். பொறுப்பாக இருக்க வேண்டும் அல்லவா. ஒரு பையும் சரியாக இல்லை. எல்லாம் சின்னதாக இருக்கிறது, அல்லது ஜிப் போயிருக்கிறது.

மே 26, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

மதினி பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். வர்ஷி "அத்தை!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மதினி வாங்கி வந்த தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள். சாப்பாடு முடிந்து, ராணி அக்காவும் மிர்துளாவும் வந்ததும், முன்னறையில் பலகைகளைக் காட்டும் நிகழ்ச்சி நடந்தது. முதலில் மிர்துளா. ஜேசிபிக்கு எல்லாரும் கை தட்டினோம். ராணி அக்காவும் தட்டினார்.

அடுத்து வர்ஷி பலகையைத் திருப்பினாள். ஒரு பக்கம் ஏசி பஸ், ஒரு பக்கம் சைக்கிள். நடுவில் நான், கத்தரிப்பூச் சேலையில். என் படத்தின் நெற்றியில் நிஜக் குங்குமம். படத்தைச் சுற்றி, அட்டைப் பூக்களை நூலில் கோத்து ஒட்டிய மாலை. இரண்டு பக்கமும் ஊதுபத்தி வரைந்து, புகைக்கு நெளிநெளியாகக் கோடு போட்டிருந்தாள். அடியில் அவள் கையெழுத்து: 'தினமும் பூ வைக்கணும்.'

 மதினிதான் முதலில் வாய் திறந்தார்.

"அட பாவி மவளே! உசுரோட இருக்கவளுக்கு மாலை போட்டு வச்சிருக்கியே! தெனமும் பூ வைக்கணும்னு வேற எழுதியிருக்கா. பாத்தியா தம்பி, பிள்ள மனசுல என்ன இருக்குன்னு? இதுக்கு மேலயும் இவள இங்க விட்டு வைக்கணுமா?"

ராணி அக்கா மிர்துளாவை இழுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் பலகையைப் பிடுங்கிப் பரண் மேல் எறிந்தார். "என்னட்டி பண்ணி வச்சிருக்க?" என்று போட்ட சத்தத்தில் வர்ஷி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். "சின்னப் பிள்ளதான, விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே நின்று அழுதேன். மதினி சொன்னதை நானும் நம்பினேன். ஆசைப்படுவதை நடுவில் ஒட்டு என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. நான் இல்லாமல் போக வேண்டும் என்பதுதான் அந்தப் பிள்ளையின் ஆசையா? அப்படி என்ன செய்துவிட்டேன் அவளுக்கு?

நாளைக்கு டி.சி. கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார் இவர். மதினியுடன் மத்தியான பஸ்ஸில் வர்ஷி போகிறாள். என்னிடம் கேட்டார்கள். ஆட்சேபணை இல்லை என்றேன்.

மே 27, திங்கள்

காலையில் வாசல் பெருக்கிவிட்டு உள்ளே வந்தேன். வர்ஷி முக்காலி மேல் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. படத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, பூப் போட்டாள். ஆனால் முழுப் பூவையும் போடவில்லை. கொஞ்சம் கிள்ளிக் கையில் வைத்திருந்தாள். இறங்கி வந்து பரணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வேணும்?" என்றேன்.

"அந்த போர்டு."

"எதுக்கு?"

"பூ வைக்கணும்லா. எழுதியிருக்கேன்."

கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் கேட்டுவிட்டேன். "எனக்கு எதுக்குப் பூ வைக்க, வர்ஷி?"

கையில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாவுக்கு டெய்லி வைக்கோம். ஒங்களுக்கு யாருமே வைக்கல. அதான் நான் வைக்கலாம்னு." பிறகு மூக்கை உறிஞ்சினாள். "ஒங்கள சாகச் சொல்லுதேன்னு அத்தை சொல்லுதாவ. நான் அப்படிச் சொல்லவே இல்ல. நான் நல்லாத்தான் ஒட்டுனேன்."

கடவுளே. நான் எவ்வளவு பெரிய மண்டூகம்! இந்தப் பிள்ளைக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அம்மா என்றால் மாலை போட்டு, பொட்டு வைத்து, ஊதுபத்தி ஏற்றிய ஒரு படம். அம்மாவை வேறு விதமாக அவள் பார்த்ததே இல்லை. ஒருத்தியை அந்த இடத்தில் வைக்க வேண்டுமென்றால் வேறு என்ன செய்வாள்? தனக்குத் தெரிந்ததிலேயே பெரிய மரியாதையை எனக்குச் செய்திருக்கிறாள். அதற்காக அவளைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தோம்.

அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "உசுரோட இருக்கவங்களுக்குப் படத்துல வைக்க மாட்டாங்க, வர்ஷி."

"பிறவு?"

"தலையில வைப்பாங்க."

என் தலையைப் பார்த்தாள். சுற்றி வந்து பின்னால் நின்றாள். "குனிங்க" என்றாள்.

பின்னலில் பூவைச் செருகிப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடியும் செருகினாள். அப்போதுதான் அடுப்படி வாசலைப் பார்த்தேன். மதினி காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. தம்ளரைக் கீழே வைத்தார். தன் கொண்டையில் இருந்து ஒரு ஊசியை உருவி வர்ஷியிடம் நீட்டினார்.

"இத வச்சுக் குத்துட்டி. நல்லா இறுக்கிக் குத்து, விழுந்துரப் போவுது."

குனிந்த தலையோடுதான் பேசினேன். நிமிர்ந்திருந்தால் பேசியிருப்பேனா, தெரியாது. "மதினி, ஆட்சேபணை இல்லன்னு நான் சொன்னது பொய். வர்ஷிய விட்டுட்டு என்னால இருக்க முடியாது. அவ இங்கதான் இருக்கணும்."

"அதத்தான் நானும் பாத்துக்கிட்டு நிக்கேன். எனக்குக் கண்ணு இல்லியா?" என்றார் மதினி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்று, நான்கு வருஷம் இடுப்பில் வைத்திருந்த பிள்ளை. அவருக்கும் வலிக்கும்தானே. வர்ஷி ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "லீவுக்கு லீவு பிள்ளைய அனுப்பிரணும்" என்றார் என்னிடம். "நீங்களும் வந்து இருங்க" என்றேன்.

இவர் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "அப்போ டி.சி.?" என்று கேட்டார். "போயி மல்லியப்பூ வாங்கிட்டு வா, இன்னொரு மொழம்" என்றார் மதினி.

மத்தியான பஸ்ஸில் மதினி மட்டும் போனார்.

மே 29, புதன்

பலகையைப் பரணில் இருந்து இறக்கி, அட்டை மாலையையும் ஊதுபத்தியையும் பிரித்தோம். குங்குமம் போகவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அடியில் எழுதினதை மாற்ற வேண்டுமா என்று வர்ஷி கேட்டாள். வேண்டாம் என்றேன். இரண்டு நாளாகத் தலையில் மல்லிகை இருந்தும் தலைவலி எதுவும் வரவில்லை.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் ஒரே களேபரம். வர்ஷியின் ஒரு சாக்ஸைக் காணவில்லை, சட்னி அடிப்பிடித்துவிட்டது, இவருக்கு முதல் டிரிப் டூட்டி. இவ்வளவுக்கும் நடுவில் முக்காலியை என் பின்னால் இழுத்துப் போட்டு ஏறி நின்றாள்.

"பஸ் போயிரும் வர்ஷி, சீக்கிரம்."

"ஆடாத. ஆடுனா எப்படி வைக்க?"

நான் ஆடவில்லை. ஊசி இரண்டு தடவை மண்டையில் குத்தியது. அதற்கும் ஆடவில்லை.

ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும், எனக்குப் பக்கத்து நாற்காலி தமிழ் டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "என்ன டீச்சர், பூவெல்லாம் வச்சிருக்கீங்க? காதுக்கு மேல தொங்குது. யாரு வச்சுவிட்டா?"

"எம் மக" என்றேன்.

சரி செய்துவிட அவர் கையை நீட்டினார். நான் தலையை நகர்த்திக்கொண்டேன்.